எண்ணுவதற்கு ஆள், வாக்களிக்க அந்நியர்

மலையகத் தமிழ் மக்களுக்கு வாக்குரிமை "வழங்கப்பட்டது" என்று மேடைகளில் பேசுகிறார்கள். நினைவு மலர்களில் எழுதுகிறார்கள். வகுப்பறைகளிலும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறார்கள். வழங்கிய வள்ளல் யார் என்பதில் மட்டுந்தான் கருத்து வேற்றுமை. ஜே. ஆர். ஜெயவர்த்தனா என்று ஒரு சாரார் சொல்வர், ஆர். பிரேமதாசா என்று வேறொரு சாரார் வாதிப்பர். கொடுத்தவர் எவராயினும் வாங்கித் தந்தவர் சௌமியமூர்த்தி தொண்டமானே என்று மூன்றாவது சாரார் மாலையோடு வருவர். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நமது நோக்கமன்று. நமது ஆட்சேபம் "வழங்கப்பட்டது" என்ற அந்த ஒரு சொல்லின் மீதுதான். ஒருவனுடைய மடியிலிருந்து அவிழ்த்தெடுத்த காசை நாற்பது ஆண்டு கழித்துச் சில்லறை சில்லறையாகத் திருப்பித் தருகிறவனுக்கு உலகத்தில் எங்கும் கொடையாளி என்று பெயரில்லை.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த மக்கள் வாக்குச் சீட்டை 1986-லோ 1988-லோ முதன்முதலாகக் கண்டவர்கள் அல்லர். 1931-லேயே வாக்களித்தவர்கள். டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சுப்படி அந்த ஆண்டில் இலங்கையில் சர்வஜன வாக்குரிமைத் தேர்தல் நடந்தபோது, ஆசியாவின் காலனி நாடுகளுக்கு அது ஒரு புதுமை. தோட்டத்துப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாக்குச் சாவடிக்கு நடந்தாள். அதே ஆண்டில் திருச்சி ஜில்லாவிலிருந்த அவளுடைய தங்கைக்கு வாக்கு இல்லை. சொத்தும் வரியும் உடைய சிலருக்கே அங்கு அந்தப் பாக்கியம்.

பின்னர் அந்த வாக்கைப் பறித்தார்கள். ஏன் பறித்தார்கள்? "அவர்கள் இந்தியர், அந்நியர், ஆகையால் சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை" என்பது வழக்கமான விடை. சில ஆசிரிய நண்பர்கள்கூட இதைச் சற்று வருத்தத்தோடு, ஆனால் ஒப்புக்கொண்டே, சொல்லுவதுண்டு. இந்த விடை பொய். அந்நியர் என்பதற்காக அன்று, தொழிலாளர் என்பதற்காகவே அவர்களுடைய வாக்கு பறிக்கப்பட்டது. இது முதற் களவு. இரண்டாவது ஒன்றும் உண்டு. வாக்கைப் பறித்த பிறகும் அவர்களுடைய தலைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் காட்டிப் பாராளுமன்றத்தில் ஆசனங்கள் எடுத்துக்கொண்டார்கள். முதற் களவைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவதைப் பற்றி முற்போக்காளர்களாகிய நாமும் போதிய அளவு பேசியதில்லை.

1931-க்கு முன்னரே கூச்சல் தொடங்கிவிட்டது. ஐந்தாண்டு வாசம் செய்தவர் வாக்காளராகலாம் என்ற எண்ணத்தோடுதான் டொனமூர் குழுவினர் தொடங்கினார்கள். மலைநாட்டையே இந்தியனுக்கு எழுதிக் கொடுப்பதா என்று சிங்களப் பிரபுக்கள் எதிர்த்தார்கள். முடிவில் இந்தியத் தொழிலாளிக்கு வாக்களிக்க நிபந்தனைகள் பிறந்தன: நிரந்தர வாசத்தை நிரூபிக்க வேண்டும், அல்லது படிப்போ சொத்தோ காட்ட வேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் பெறுகிறவன் இந்தியத் தொழிலாளருக்கெனச் சட்டம் தந்திருந்த தனிப் பாதுகாப்பைக் கைவிட வேண்டும். வாக்கு வேண்டுமா, கூலிப் பாதுகாப்பு வேண்டுமா என்று வயிற்றுக்கும் உரிமைக்கும் இடையே ஒரு தராசை நிறுத்தினார்கள். இத்தனை தடைகளையும் தாண்டி 1931-ல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இடாப்பில் ஏறினார்கள். 1939-ல் அந்தத் தொகை ஏறத்தாழ 2 லட்சத்து 25 ஆயிரமாயிற்று. 1943-ல் 1 லட்சத்து 68 ஆயிரமாகக் குறைந்தது. கொள்ளை நோய் எதுவும் வந்து அந்த ஐம்பத்தேழாயிரம் பேரைக் கொண்டுபோய்விடவில்லை. வாசத்தைக் கடுமையாகத் துருவி விசாரித்த அதிகாரிகளின் பேனா போதுமானதாக இருந்தது.

கிராமச் சபைகளின் கதை இதனினும் வெளிப்படை. 1937-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்ட லயங்களில் குடியிருந்த தொழிலாளர் அச்சபைகளுக்கு வாக்களிக்க முடியாதபடி செய்தார்கள். இந்தச் சிறு விஷயத்தை வாசகர்கள் மறக்க வேண்டாம். இதன் வாரிசு ஒன்று 2018 வரை உயிரோடிருந்தது, பின்னர் வருவோம்.

வாக்கு இருந்த அந்தப் பதினாறு ஆண்டுகளில் மலையகம் அதை எப்படிப் பயன்படுத்தியது? 1931-ல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியானார். 1936-ல் அதே ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் தெரிவானார். அந்நியர் தோட்டத்துள் அடி வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலம்; புடவை வியாபாரியாக மூட்டை சுமந்து லயங்களுக்குள் புகுந்தவர் அவர் என்பது மலையகம் அறிந்த கதை. அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் தாமே இயற்றிய பாட்டுகளைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். 1939-ல் ஜவஹர்லால் நேருவின் வருகையோடு இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. மறு ஆண்டே அதன் தொழிற்சங்கம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியானார். வாக்குச் சீட்டும் சங்க அட்டையும் ஒரே மடியில் முடியப்பட்டிருந்தன என்பதே இவற்றால் நாம் அறிவது. அதிகாரத்திலிருந்தவர்களும் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

1947 பொதுத் தேர்தல் அந்த அறிவை அச்சமாக்கியது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் என்று காங்கிரஸ் அபேட்சகர்கள் வென்றார்கள். வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தின் துயரத்தைக் கவிதையாக்கியவர். தோட்ட மக்கள் ஒரு கவிஞனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பதை இலக்கியம் பேசும் நாம் இன்னும் உரக்கச் சொல்லலாம். இவை மட்டுமல்ல. தோட்ட அபேட்சகர் இல்லாத பல தொகுதிகளில் தோட்ட வாக்கு சமசமாஜிகளுக்கும் மற்ற இடதுசாரிகளுக்கும் விழுந்தது. மொத்தம் தெரிவு செய்யப்பட்ட 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42, பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகளைச் சேர்த்துக்கொண்டும், நியமன அங்கத்தினர்களைத் துணைக்கழைத்தும் டி. எஸ். சேனநாயக்கா அரசாங்கம் அமைத்தார். அந்த நியமன ஆசனங்களில் ஐரோப்பிய முதலாளிகளின் பிரதிநிதிகள் இருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத் துரை ஒரு வாக்கும் கேட்காமல் சபைக்குள் போகலாம். தோட்டத் தொழிலாளி ஆயிரக்கணக்கான வாக்கோடு வந்தாலும் அவன் "பிரச்சினை".

அடுத்த ஆண்டே, சுதந்திரத்தின் மை உலரும் முன், 1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தது போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தோட்டக் கணக்கப்பிள்ளையின் செக்ரோலைத் தவிர வேறு ஆவணம் ஏது? பாட்டன் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு என்று ஒன்றை மலையகம் கண்டதா? சிங்களக் கிராமவாசியிடமும் அந்தப் பத்திரங்கள் இருக்கவில்லை. ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கப்பட்டவன் ஒருவனே. 1946-ம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், நாட்டின் சனத்தொகையில் 11.7 சதவீதம். நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதி அவர்களுடைய விரல் நுனியிலிருந்து வந்தது. அவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள்.

1949-ல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. ஒன்று, 3-ம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வசித்ததை நிரூபித்தால் பதிவு செய்வோம் என்றது. தாய் சாகக் கிடக்கிறாள் என்று இராமநாதபுரம் போய்த் திரும்பியவனிடம் "இடையறாது" என்ற சொல்லைக் காட்டினார்கள். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்துப் பின்பு மனு எழுதச் சொன்னது. காலக்கெடு முடிந்த 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகக் குவிந்தன. பதின்மூன்று ஆண்டு விசாரித்து முடித்தபோது பிரஜைகள் ஆனவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். மற்றொன்று 48-ம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம்: பிரஜை அல்லாதவர் வாக்காளர் அல்லர். மூன்று சட்டங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் இட்டு, பூட்டையும் தொங்கவிட்டார்கள்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக் கனவான்களையும் விட்டுவிட முடியாது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 ஆகஸ்டில் முதற் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். செப்டம்பரில் அதே அரசாங்கத்தில் மந்திரியானார். 1949-ம் ஆண்டுச் சட்டங்களை நிறைவேற்றிய அரசாங்கத்தில் அவர் அங்கத்தினர். சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அது அவருக்குப் பெருமை. ஆயினும் தமிழன் என்ற பெயரில் ஒன்றுபட வாருங்கள் என்று மலையகத்தானை அழைப்பவர்கள், அவன் கழுத்தில் கயிறு விழுந்த நாளில் கயிற்றின் மறுமுனையருகே யார் நின்றார்கள் என்பதையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இனி 1952-க்கு வருவோம். 1947-ல் தலவாக்கலைத் தொகுதியில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் இருந்தனர். 1952-ல் 3 ஆயிரத்துக்கும் குறைவு. நுவரெலியாவில் ஏறத்தாழ 24 ஆயிரமாக இருந்தது 9 ஆயிரத்தளவில் நின்றது. ஒரு தொகுதியின் எல்லை மாறவில்லை, மலை நகரவில்லை, தேயிலை நகரவில்லை, தொழிலாளி அதே லயத்தில் அதே பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் நின்றுகொண்டிருந்தான். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கடலுக்கு அப்பால் சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தல் நடந்து முடிந்தது. திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் எழுத்தறியாத கூலி விவசாயிகள் வாழ்க்கையில் முதல் முறையாக வாக்களித்தார்கள். 1931-ல் அக்காளுக்கு இருந்து தங்கைக்கு இல்லாத உரிமை, 1952-ல் தங்கைக்கு வந்து அக்காளிடமிருந்து போயிற்று. இந்தியா அக்காளைத் தன் பிரஜையாக ஏற்கவில்லை, இலங்கையும் ஏற்கவில்லை. ஏப்ரலில் காங்கிரஸ் கொழும்பில் பிரதம மந்திரியின் காரியாலய வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது, மாதக்கணக்கில் நடந்தது. மே மாதத் தேர்தல் அவர்கள் இல்லாமலேயே நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 42-லிருந்து 54 ஆசனங்களுக்கு ஏறியது.

நீதிமன்றம் சென்றவர்களும் உண்டு. கேகாலைப் பகுதியில் இடாப்பில் சேர்க்க மறுக்கப்பட்ட கோடகன்பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. எந்த ஓர் இனத்துக்கும் பாதகமான சட்டம் செய்யலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29-ம் பிரிவு சொல்லிற்றே என்று வாதாடினார்கள். தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான வேலை என்று 1953-ல் பிரபுக்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த சாம்ராச்சியத்தின் நீதிபதிகளுக்கு அது இயல்பாகத்தான் தோன்றியிருக்கும்.

இப்போது அந்த இரண்டாவது களவு. தொகுதிகளை எப்படிப் பிரித்தார்கள்? ஒவ்வொரு மாகாணத்திலும் 75 ஆயிரம் பேருக்கு ஓர் ஆசனம். அதன் மேல் ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் ஆசனம். 75 ஆயிரம் வாக்காளர் அல்லர், 75 ஆயிரம் பிரஜைகளும் அல்லர். 75 ஆயிரம் மனிதர். நாடற்றவனும் மனிதன்தான் என்று இலங்கைச் சட்டம் ஒப்புக்கொண்ட ஒரே இடம் இது! அவனுடைய தலையும், அவன் மனைவியின் தலையும், ஏணையில் கிடக்கும் பிள்ளையின் தலையும் மத்திய மாகாணத்துக்கும் ஊவாவுக்கும் ஆசனங்களைச் சம்பாதித்துக் கொடுத்தன. அந்த ஆசனங்களுக்கு ஆள் அனுப்பும் வேலை எஞ்சியிருந்த சிறுபான்மையான வாக்காளரைச் சேர்ந்தது. கொழும்பிலோ காலியிலோ ஓர் அங்கத்தினரைத் தெரிவு செய்யத் தேவைப்பட்டவர்களில் ஒரு சிறு பங்கினர் தலவாக்கலையில் போதுமாயினர்.

அமெரிக்காவில் 1787-ல் அரசியலமைப்பு எழுதியவர்கள் அடிமைக்கு வாக்குத் தரவில்லை. ஆனால் எசமானுடைய மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணச் சம்மதித்தார்கள். உலகம் அந்த ஏற்பாட்டை இன்று வெட்கத்தோடு நினைக்கிறது. இலங்கையில் அந்தப் பேரம்கூட இல்லை. ஐந்து பேரை ஐந்து பேராகவே எண்ணினார்கள். ஐந்து வாக்கையும் எடுத்துக்கொண்டார்கள். 1959-ல் தொகுதிகளைத் திருத்தி அமைத்து ஆசனங்களைப் பெருக்கியபோதும் எண்ணியது மனிதரையே. 1976-ம் ஆண்டு எல்லை நிர்ணயத்திலும் அப்படியே. கால் நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கணக்கு நடந்தது.

இதனால் யாருக்கு இலாபம்? கண்டிச் சிங்கள விவசாயிக்கு என்று சிலர் சொல்வர். அதுவும் முழு உண்மை அன்று. அவனுடைய நிலத்தை 1840-ம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைக் காட்டி வெள்ளைக்காரன் பிடுங்கிக் கோப்பித் தோட்டமாக்கினான். அந்தப் பசி நியாயமான பசி. அதை இகழ்ந்து பேசும் தமிழ்ப் பேச்சாளர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அவனுக்கு அதிகப்படியான பிரதிநிதிகள் கிடைத்தார்கள், நிலம் கிடைக்கவில்லை. உன் நிலத்தில் கம்பெனி இருக்கிறது என்று சொல்லாமல், உன் நிலத்தில் கள்ளத்தோணி இருக்கிறான் என்று சொல்லியே அவனிடம் வாக்கு வாங்கினார்கள். ஊதிப்பெருத்த அந்த மலைநாட்டு ஆசனங்களைப் பிடிக்க இரு பெருங் கட்சிகளும் இனவாதத்தில் போட்டி போட்டன. 1956-ன் சிங்களம் மட்டும் சட்டத்துக்கான தெருவை 1949-லேயே செப்பனிட்டு வைத்தார்கள். தொழிலாளியின் வாக்கை எடுத்த நாளில் இடதுசாரி இயக்கத்தின் இடுப்பும் ஒடிந்தது. அதன் சத்தம் கேட்கச் சில ஆண்டுகள் ஆயின.

இடதுசாரிகள் என்றதும் நம் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1948-ல் என். எம். பெரேராவும் பீட்டர் கெனமனும் இச்சட்டத்தை எதிர்த்தார்கள். அந்நாளில் அது சாதாரணத் துணிவு அன்று. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. பெரேரா நிதி மந்திரியானார். அதே ஆண்டு அக்டோபர் 30-ல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி பிறகு பேசிக்கொள்ளலாம். மாட்டுச் சந்தையிலும் மாட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். இங்கே அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1974-ல் மீதி ஒன்றரை லட்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். ஹட்டனிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள்.

1970-ல் வந்த கூட்டு முன்னணி அரசாங்கத்தில் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்ட மந்திரி. அரசியலமைப்பு விவகார மந்திரியும் அவரே. 1972-ன் குடியரசு அரசியலமைப்பு அவருடைய கையில் உருவானது. ஒன்றுக்கும் உதவாமற் போனாலும் ஏட்டிலாவது இருந்த 29-ம் பிரிவு அதில் இல்லை. தோட்டங்களையும் நாட்டின் சட்டத்தையும் ஒரே மார்க்சீயவாதி ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தும் தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு வரவில்லை. அந்த ஆட்சியில்தான் உணவு மானியம் குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. இதை நாம் சொல்லாவிட்டால் நம் எதிரிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது அதில் அவர்களுடைய இலாபமும் கலந்திருக்கும்.

1977 மே மாதம், டெவன் தோட்டப் பகுதியில், தோட்ட நிலத்தில் ஏழாயிரம் ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்த தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு இலட்சுமணன் மாண்டார். இரண்டு மாதம் கழித்துப் பொதுத் தேர்தல். நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தினர் தொகுதி. முதலாவதாகக் காமினி திசாநாயக்கா, இரண்டாவதாக அநுரா பண்டாரநாயக்கா, மூன்றாவதாகத் தொண்டமான். 1947-க்குப் பின் மலையகத் தொழிலாளியின் வாக்கால் ஒருவர் பாராளுமன்றம் புகுந்தது அப்போதுதான். இடையில் அவரே போனதெல்லாம் நியமனத்தில். முப்பது ஆண்டுகள்!

அடுத்து நடந்தது தலைவர்களின் காலம். 1978-ல் தொண்டமான் மந்திரியானார்; 1999-ல் மறையும்வரை நான்கு ஜனாதிபதிகளின் அரசாங்கங்களில் இருந்தார். 1981-லும் 1983-லும் மலையக லயங்கள் எரிந்தபோதும் அவர் மந்திரி சபையை விட்டு வரவில்லை. அவர் பேரம் பேசிப் பெற்றவற்றை நாம் மறுக்கவில்லை: 1984-ல் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம், 1986 தைப் பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தின் பின் அவ்வாண்டின் 5-ம் இலக்கச் சட்டம். ஆனால் எதைக் கொண்டு பேரம் பேசினார்? தொழிலாளி வேலைக்குப் போகாமல் மடக்கிய கையைக் கொண்டுதான். 1988-ல் வந்த 39-ம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். நாற்பது ஆண்டு "சிக்கலான சட்டப் பிரச்சினை" என்று சொல்லப்பட்டது, டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் என்றவுடன் ஒரு சத்தியக் கடதாசியில் தீர்ந்தது. அப்படியானால் 1949-லும் அது ஒரு கடதாசிப் பிரச்சினைதான். எஞ்சியவர்களுக்கு 2003-ல், 35-ம் இலக்கச் சட்டம். ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மக்கட் கூட்டத்தை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசியில் உள்ளே விட்டவர்களுக்கு நன்றிக் கூட்டம் நடத்துகிறோம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1978 அரசியலமைப்பு ஆசனங்களை மாவட்டங்களுக்குப் பங்கிடும் அளவுகோலை மாற்றியது. இனி மனிதரை எண்ண வேண்டாம். பதிவான வாக்காளரை எண்ணினால் போதும். நாடற்றவரின் தலை பிறருக்கு ஆசனம் தேடித் தந்த நாளெல்லாம் தலைக்கணக்கு. அவர்கள் தமக்காக எண்ணிக்கை கேட்கும் நாள் நெருங்கியதும் வாக்குக்கணக்கு. திட்டமிட்டோ திட்டமிடாமலோ, விளைவு அதுதான்.

வாக்கு வந்த பின்னும் அந்த எண் வித்தை ஓயவில்லை. 1987-ல் வந்த பிரதேச சபைச் சட்டம், சபை தன் நிதியைத் தோட்டப் பகுதிக்குள் செலவு செய்யத் தடையாக நின்றது. 1937-ன் கிராமச் சபைச் சட்டத்தினுடைய பேரப்பிள்ளை! தோட்டத்தான் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அந்த உறுப்பினர் லயத்துப் பாதைக்கு ஒரு லாரி கல் கொட்ட முடியாது. 2018-ம் ஆண்டின் 30-ம் இலக்கத் திருத்தச் சட்டம் வரை இது நீடித்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பத்தாயிரம் பேருக்கும் குறைவானோருக்கு ஒரு செயலகம் இருக்கும் பிரிவுகளும் இதே நாட்டில் உண்டு. எண்ணினால் ஆசனம் கிடைத்த காலத்தில் ஒரு தலை விடாமல் எண்ணினார்கள். எண்ணினால் எழுதுவினைஞரும் வைத்தியரும் பணமும் அனுப்ப வேண்டிய இடத்தில் எண்ணத் தெரியவில்லை.

2024 நவம்பர் 14 தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் 8 ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி பிடித்தது. சந்தாப் பணத்தோடு வாக்கையும் சங்கத் தலைமைக்குக் கட்டிவந்த பழக்கம் அன்று பெரிய அளவில் உடைந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு 1931-ல் வந்தது. தொண்ணூற்று மூன்று ஆண்டு கழித்து இருவர். இதை எந்தக் கட்சியின் வெற்றி என்று கொண்டாடுவதற்கு முன், இத்தனை சங்கங்களும் இத்தனை தலைவர்களும் இந்தத் தொண்ணூற்று மூன்று ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பது முறை.

கையிலிருக்கும் வேலை ஒன்று உண்டு. மத்திய மாகாண சபைக்கு 2013-ல் தேர்தல் நடந்தது. அதன் பின் பத்தாண்டுக்கும் மேலாக அந்த வாக்கு முடங்கிக் கிடந்தது. கலப்புத் தேர்தல் முறைக்காகத் தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஆகஸ்டில் ஆதரவாக ஒரு வாக்கும் இன்றி 139 வாக்குகளால் நிராகரித்தது. எந்த முறை வந்தாலும் கோடு போடும் பேனா மீண்டும் ஒருநாள் மலையகத்துக்கு வரும். தோட்டத்தை நடுவில் வெட்டி மூன்று தொகுதிகளுக்குத் துண்டு துண்டாகச் சேர்க்கும் கோடு, வாக்கைப் பறிக்கும் சட்டத்தைவிடச் சத்தமில்லாதது. அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்யவும் முடியாது. அந்தக் குழு அபிப்பிராயம் கேட்டு அழைக்கும்போது ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள ஆசிரியர் சங்கங்கள் மாலையோடு போக வேண்டாம். 1947 இடாப்பின் தொகையையும் 1952 இடாப்பின் தொகையையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். 1946-லும் 1959-லும் 1976-லும் இந்த மலைகளில் எண்ணப்பட்ட தலைகள் யாருக்கு எத்தனை ஆசனம் பெற்றுக் கொடுத்தன என்ற கணக்கை மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகு கோட்டைப் பற்றிப் பேசத் தொடங்கட்டும்.